வாத்துராணியின் சித்தி

மார்ச் 2

தங்கச்சிக்கு,

நேற்று சாயங்காலம் கடையிலிருந்து வந்து கதவில் சாவியைப் போடுகிறேன், உள்ளே உன் குரல். "எந்திரிடா தடியா! உன் வாயில இன்னும் நாலு பல்லு பாக்கி இருக்கு!" என்று கத்திக்கொண்டிருக்கிறாய். தொண்டையில் கட்டியை எடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசக்கூடாதென்று டாக்டர் வாயைப் பூட்டி அனுப்பியவள், சொல்லாமல் கொள்ளாமல் என் வீட்டுக்கு வந்து யாரையோ மிதிக்கிறாளே என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன்.

நீ இல்லை. சோபாவில் என் மகள், வீடியோ கேம் கன்ட்ரோலரும் கையுமாக. எதிரே டிவியில் கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு பொம்பளை பொம்மை, கையில் மைக், வாயில் உன் குரல். அவளுக்குக் கீழே ஒரு மேடை. அதில் ஆளாளுக்கு ராட்சதச் சுத்தியலால் அடித்துக்கொள்கிறார்கள். என் மகள் வாத்து வேஷத்தில் நின்று ஒருத்தனை நுரைத் தொட்டிக்குள் தள்ளினாள்.

"என்னடி இது?"

"'அடி வாங்கு, பரிசு வாங்கு'ம்மா. சித்தி அனுப்பினாங்க. சித்திதான் நிகழ்ச்சி நடத்துறாங்க. கேளேன், இப்ப சிரிப்பாங்க."

சிரித்தாய். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.

ஆறாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு அடிதடி விளையாட்டை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பியிருக்கிறாய். நான் எதற்கு இருக்கிறேன், சமைத்துப் போடவா? உன் மாமாவிடம் சொன்னால், "அப்படியா, ரெண்டு பேர் ஆடலாமா?" என்று கேட்கிறார். லிஃப்டு ரிப்பேர் பண்ணுகிற மனுஷனுக்கு மேலே போய்க் கீழே வந்தாலே போதும், வேறு யோசனை கிடையாது.

இதற்குப் பதில் போனில் அனுப்பாதே. நான் பத்து வரி எழுதினால் நீ "ம்" என்று ஒற்றை எழுத்துப் போடுகிறாய். அது சம்மதமா, கோபமா, தூக்கமா என்று யோசித்தே எனக்குப் பாதி நாள் போய்விடுகிறது. தொண்டைதானே கெட்டிருக்கிறது, கை நன்றாகத்தானே இருக்கிறது? காகிதத்தில் முழு வாக்கியமாக எழுது.

அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

முழு வாக்கியம் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்: உன் கடிதத்தைப் படித்துச் சிரிப்பு வந்தது, சிரிக்கக்கூடாதென்பதால் தலையணையைக் கடித்துக்கொண்டேன்.

கேட்காமல் அனுப்பியது தப்புத்தான். கேட்டால் நீ வேண்டாம் என்பாய், அதனால் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, நீ கடையிலிருந்து வரும்வரை அவள் தனியாக இருக்கிறாள். அந்த நேரத்தில் சித்தி குரலாவது வீட்டில் கேட்கட்டுமே என்று நினைத்தேன். என்னால்தான் இப்போது போனில் பேச முடியவில்லையே.

அதை அடிதடி என்று சொல்லாதே. டிவியில் வரும் போட்டி நிகழ்ச்சிகளைக் கிண்டல் பண்ணுகிற விளையாட்டு அது. யாரும் சாவதில்லை, ரத்தம் கிடையாது. அடி வாங்கியவன் நுரையில் விழுந்து, எழுந்து, கும்பிடு போட்டுவிட்டு மறுபடி வருவான். தப்பாகப் பதில் சொன்னால் மேலிருந்து மெத்தை விழும். சரியாகச் சொன்னாலும் விழும், கொஞ்சம் சின்ன மெத்தை.

எனக்குத் தொண்டை போனதே இதில்தான். நிகழ்ச்சி நடத்துபவளோடு, விழுகிறவர்களில் பாதிப் பேருக்கும் நான்தான் குரல். தொட்டியில் விழும் அலறல் வேறு, குத்துச்சண்டைக் கையுறை அறைந்து பறக்கும் அலறல் வேறு, தோற்றுவிட்டுத் தோற்காத மாதிரி சமாளிக்கும் முனகல் வேறு. ஒலிப்பதிவுப் பையன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, இன்னும் கொஞ்சம் கேவலமா விழுங்க" என்பான். விழுந்து விழுந்து இதோ, கழுத்தில் ஒரு சிலேட்டு மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போகிறேன். கடைக்காரர் எனக்குக் காது கேட்காதென்று நினைத்துச் சைகையில் பேசுகிறார். நான் திருத்தவில்லை, பாவம், ரொம்ப ரசித்துச் செய்கிறார்.

ஒன்று சொல்கிறேன். செட்டிங்கில் அரட்டை என்று ஒன்று இருக்கும், கூட ஆடுகிறவர்களோடு எழுதிப் பேசுவதற்கு. உன் குணத்துக்கு முதலில் அதைத்தான் அடைப்பாய். அடைக்காதே. அது இல்லாமல் கூட்டுச் சேர்ந்து ஆட முடியாது, பிள்ளை ஓரமாக நிற்கும். அதில் ஒன்றும் வராது. "ஐயோ விழுந்துட்டேன்", "வா வா", இவ்வளவுதான்.

மற்றபடி ஒரே ஒரு ஆட்டம் அவளோடு ஆடிப் பார்த்துவிட்டுத் திட்டு.

தங்கச்சி


மார்ச் 16

தங்கச்சிக்கு,

ஆடினேன். திட்டுவதற்காகத்தான் ஆடினேன்.

எனக்கு உருளைக்கிழங்கு வேஷம் கொடுத்தாள். எந்த பட்டனை அமுக்கினாலும் உருளைக்கிழங்கு குதித்தது. அடிப்பதற்கு முன்னால் குதித்தே தொட்டிக்குள் போய்விட்டேன். உடனே நீ, "ஆகா, யாரும் தொடாமலே தோத்துப்போன தங்கமே!" என்கிறாய். பெற்ற தாய்கூட என்னை அப்படிக் கேவலப்படுத்தியதில்லை. உன் மாமா தரையில் உருண்டு சிரித்தார். அவரும் அடுத்த ஆட்டத்தில் அதே தொட்டிக்குத்தான் வந்து சேர்ந்தார்.

சரி, பிள்ளை ஆடட்டும். ஆனால் என் நிபந்தனைப்படி. டிவி கூடத்திலேயே இருக்கும், அவள் அறைக்குப் போகாது. வீட்டுப்பாடம் முடிந்த பிறகுதான். விளக்கை அணைத்துவிட்டு ஆடக்கூடாது, சோபாவை விட்டு முன்னால் நகரக்கூடாது, நடுநடுவே எழுந்துபோய் ஜன்னல் வழியாகத் தூரத்தில் எதையாவது பார்த்துவிட்டு வரவேண்டும். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு லென்ஸ் மாட்டுகிறவள் நான். என் பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் கடைக்கே வந்து நின்றால் எனக்குத்தானே வெட்கம்? தலை சுற்றுகிற மாதிரி மின்னுகிற வெளிச்சத்தைக் குறைக்க ஒரு இடம் இருந்தது, அதையும் குறைத்துவிட்டேன்.

அரட்டையை அடைக்கக் கை போனது. நீ சொன்னாயே என்று விட்டுவிட்டேன். விளையாட்டில் தன் பெயரை 'வாத்துராணி' என்று வைத்திருக்கிறாள். அவளுடைய வாத்துக்கு மஞ்சள் தொப்பி ஒன்று ஜெயித்திருக்கிறாள். அந்தத் தொப்பிக்காக ஒரு வாரம் நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். அதுவரைக்கும் லாபம்.

தொண்டைக்கு ஆவி பிடிக்கிறாயா?

அக்கா


மார்ச் 29

தங்கச்சிக்கு,

புதன்கிழமை போனில் நான் அனுப்பியதைப் பார்த்திருப்பாய். முழுவதும் இதில் எழுதுகிறேன். நடுவில் நீ ஒன்றும் சொல்ல முடியாத இடம் கடிதம் ஒன்றுதான்.

அன்றைக்கு மத்தியானம் பள்ளிக்கூடம் பாதி நாள். நேராகக் கடைக்கு வந்தாள். நான் ஒருவருடைய ஃபிரேமைச் சூட்டில் காட்டி வளைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நம்ம வீட்டு முழு விலாசம் எப்படி எழுதணும்?"

"எதுக்கு?"

"சும்மா."

இந்தச் "சும்மா" எனக்குத் தெரியாததா? ஃபிரேமைக் கீழே வைத்துவிட்டு, "யாரு கேட்டா?" என்றேன். முகம் போன போக்கைப் பார்த்ததும் அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டு வாங்கினேன்.

'மேடை மாமா' என்ற பெயரில் ஒருவன் ஒரு வாரமாக அவளோடு கூட்டுச் சேர்ந்து ஆடியிருக்கிறான். விட்டுக்கொடுத்து ஜெயிக்க வைத்திருக்கிறான். இவள் அரட்டையில், நிகழ்ச்சி நடத்துவது என் சித்திதான் என்று பெருமையாக எழுதியிருக்கிறாள். சித்திக்கு ஆபரேஷன், பேச முடியாது என்றும் எழுதியிருக்கிறாள். உடனே அவன், தானும் அந்த நிகழ்ச்சியில்தான் வேலை செய்கிறேன், உன் சித்தி எனக்கு நல்ல சிநேகிதி, குணமானதும் அவருக்கு ஒரு ஆச்சரியம் ஏற்பாடு செய்கிறோம், நீயும் அதில் இருக்க வேண்டாமா என்றிருக்கிறான். முதலில் பாஸ்வேர்டு கேட்டான், கொடுத்துவிட்டாள். அடுத்து, வாசல் தெரிகிற மாதிரி நின்று ஒரு வீடியோ, கூடவே விலாசம். "அம்மாகிட்ட சொல்லிடாதே, ஆச்சரியம் கெட்டுப்போகும்."

விலாசம் சரியாக எழுதத் தெரியாததால் என்னிடம் வந்தாள். தெரிந்திருந்தால்? அதற்கு மேல் யோசிக்கவே முடியவில்லை.

கடையைப் பாதியில் பூட்டிக்கொண்டு வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அவளுடைய கணக்குக்குள் போக முடியவில்லை, அவன் பாஸ்வேர்டை மாற்றிவிட்டான். உன் மாமா காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த மனிதர் இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. பிள்ளை அழுதாள். அவனுக்காக இல்லை, வாத்துக்காக. மஞ்சள் தொப்பி போய்விட்டது என்று.

அரட்டையில் ஒன்றும் வராது என்று எழுதினாய். உன் குரல் இருக்கிற இடம் வீடு மாதிரி என்று நம்பித்தான் அவள் அவனிடம் எல்லாம் சொன்னாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

விளையாட்டை அழித்துவிட்டேன். கொஞ்ச நாளைக்கு எழுதாதே.

அக்கா


ஏப்ரல் 3

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் அந்த விளையாட்டுக்குக் குரல் கொடுத்தேன், அதைத் திறந்து பார்த்ததே இல்லை. தெரிந்த மாதிரி உனக்கு அறிவுரை எழுதினேன். இதற்குமேல் இதைப்பற்றி எழுதினால் நீ என்னைச் சமாதானப்படுத்த வேண்டியதாகிவிடும். அது உன் வேலை இல்லை.

செய்ததை மட்டும் சொல்கிறேன். நேற்று அந்தக் கம்பெனிக்குச் சிலேட்டோடு போனேன். வாசலில் உட்கார்ந்திருந்த பெண், "மேடம், நீங்களா! ஒரு தடவை 'தடியா' சொல்லுங்களேன்" என்றாள். சிலேட்டில் "புகார்" என்று எழுதிக் காட்டினேன். முகம் மாறி உள்ளே கூட்டிப்போனாள். அவனுடைய கணக்கை முடக்கிவிட்டார்கள். வேறு பிள்ளைகளிடமும் இதே ஆச்சரியக் கதையை அளந்திருக்கிறான். அவன் எழுதிய அரட்டையை அழிக்காமல் எடுத்து வைத்திருக்கிறார்கள், மாமா புகார் கொடுத்த நிலையத்திலிருந்து கேட்டால் கொடுப்பார்கள். அவளுடைய கணக்கைத் திருப்பி வாங்கிவிட்டேன். வாத்து பத்திரம். தொப்பியும். புது பாஸ்வேர்டு உன் மின்னஞ்சலுக்கு வரும், உன் அனுமதி இல்லாமல் யாரும் திறக்க முடியாது.

நீ திறக்கவே வேண்டாம் என்றாலும் சரி. அவளிடம் தொப்பி இருக்கிறது என்று மட்டும் சொல்.

தங்கச்சி


ஏப்ரல் 17

அக்கா,

பதில் இல்லை. இருந்தாலும் ஒன்று.

டாக்டர் ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம் மெதுவாகப் பேசலாம் என்று சொல்லிவிட்டார். முதல் நாள் கிடைத்த நேரம் முழுவதையும் அந்தக் கம்பெனி மேனேஜரிடம் செலவழித்தேன். இதைப்பற்றி நிகழ்ச்சி நடத்துபவளே விளையாட்டுக்குள் சொல்ல வேண்டும் என்றேன்.

"மேடம், இது சிரிப்பு கேம். நடுவுல பாடம் எடுத்தா பசங்க ஓடிப்போயிடுவாங்க. எச்சரிக்கை எல்லாம் செட்டிங்ல பெரிய எழுத்துல இருக்கு."

"யாரு படிச்சா? நான் படிக்கல. எங்க அக்கா படிக்கல. அவ மூக்குக்கண்ணாடிக் கடையே வச்சிருக்கா, அவளுக்கே தெரியல!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழ வைக்காமல், பயமுறுத்தாமல் சொல்ல முடிந்தால் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன். கிழித்துப்போட்டது அதிகம். சிரிக்க வைத்தால் விஷயம் தொலைகிறது, விஷயத்தைப் பிடித்தால் பள்ளிக்கூட மணி அடிக்கிறது.

இந்தத் தடவை செட்டிங்கையும் கடைசி வரி வரை படித்தேன். அரட்டையை முழுக்க அடைக்கவும் வேண்டாம், ஊருக்கே திறந்துவிடவும் வேண்டாம். நாம் சேர்த்த ஆட்களோடு மட்டும் என்று வைக்க வழி இருக்கிறது. அவள் யாரையாவது சேர்க்க நினைத்தால் முதலில் உனக்குத்தான் கேள்வி வரும். தொந்தரவு செய்பவனைத் தடுக்கவும், புகார் கொடுக்கவும் அவன் பெயர் மேலேயே பட்டன் இருக்கிறது. நான் முன்பே உனக்கு எழுதியிருக்க வேண்டியது இது.

தங்கச்சி


ஏப்ரல் 24

தங்கச்சிக்கு,

கோபத்தில் எழுதாமல் இருந்தேன், பிறகு என்ன எழுதுவதென்று தெரியாமல் இருந்தேன்.

முதல் வாரம் வீடு வீடாகவே இல்லை. விளையாட்டு போனதில் அவளுக்கு வருத்தம் என்று நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை தலை பின்னிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அம்மா, சித்தியப் பத்திப் பெருமையாச் சொன்னது தப்பா?"

இத்தனை நாளும் அதைத்தான் நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

"பெருமை தப்பில்லடி. விலாசம்தான் தப்பு."

"அப்ப சித்தி மேல ஏன் கோபமா இருக்கே?"

"யாரு சொன்னா?"

"நீ அவங்க லெட்டரைப் பிரிச்சுப் படிச்சுட்டு மறுபடி ஒட்டி வைக்கிறே."

இந்த வீட்டில் எதையும் மறைக்க முடியவில்லை. அவளாலும் முடியவில்லை என்பதுதான் நமக்குக் கிடைத்த புண்ணியம்.

"உன்கிட்ட யாராவது, அம்மாகிட்ட சொல்லாதேன்னு சொன்னா, அதையே முதல்ல வந்து என்கிட்ட சொல்லு. திட்ட மாட்டேன்" என்றேன். "அன்னிக்குத் திட்டினியே" என்றாள். "பயத்துல திட்டினேன்" என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு, பின்னல் கோணல் என்றாள்.

நேற்று மூன்று பேரும் உட்கார்ந்து விளையாட்டை மறுபடி ஏற்றினோம். நீ எழுதியபடி ஒவ்வொன்றாக அவளையே படிக்க வைத்து அவளையே அமுக்க வைத்தேன். பாஸ்வேர்டு என்னிடம். கூட்டாளிகள் நான்கு பேர்: அவளுடைய வகுப்புத் தோழி, எதிர்வீட்டு இரட்டையர், உன் மாமா. ஐந்தாவதாக நானும் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். உருளைக்கிழங்குதான். இப்போது குதிக்காமல் நிற்கத் தெரியும்.

பால் கடைக்காரர் இன்னமும் சைகையிலா பேசுகிறார்?

அக்கா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டே சிரித்தேன். டாக்டர் அனுமதித்த சிரிப்பு.

பால் கடைக்காரரிடம் போன வாரம், "அரை லிட்டர் போதும்ணா" என்றேன். கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டார். தன் சைகையில்தான் எனக்குப் பேச்சு வந்ததென்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மேனேஜர் ஒத்துக்கொண்டார். நான் எழுதியதைப் படித்துக் காட்டியபோது ஒலிப்பதிவுப் பையன் சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அக்கா, என் தங்கச்சியும் இதை ஆடுறா" என்றான். அன்றைக்கு அவன் என்னைக் கேவலமாக விழச் சொல்லவில்லை. ஒரே தடவையில் பதிவானது. தொண்டை வலிக்கவில்லை. இந்த மாதக் கடைசியில் எல்லாருடைய விளையாட்டிலும் வந்துவிடும். என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன், கேட்டுக்கொள்.

இனி வாரம் ஒரு தடவை நானே போன் செய்கிறேன். ஆனாலும் நீ எழுது அக்கா. போனில் உனக்கு இவ்வளவு நக்கல் வருவதில்லை.

தங்கச்சி


ஜூன் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

சனிக்கிழமை கேட்டோம். நானும் இவளும் ஒரே கட்சி, எதிரே உன் மாமாவும் இரட்டையரும். சுத்தியலை ஓங்கிக்கொண்டு நிற்கிறேன், மேடை விளக்கெல்லாம் அணைந்து உன் மேல் மட்டும் வெளிச்சம்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! அடியை நிறுத்துங்க! இந்த மேடையில பரிசு குடுக்குறது நான் ஒருத்திதான். நான் யார்கிட்டயும் விலாசம் கேக்க மாட்டேன், பாஸ்வேர்டு கேக்க மாட்டேன், அம்மாகிட்ட சொல்லாதேன்னும் சொல்ல மாட்டேன். எனக்கு மாமன், மச்சான், ஒண்ணுவிட்ட பெரியப்பான்னு எவனாவது வந்தா நம்பாதீங்க. எனக்கே என் சொந்தக்காரங்களை நம்ப முடியல! நேரா வீட்டுப் பெரியவங்ககிட்ட ஓடுங்க. ம், இப்ப அடியை ஆரம்பிங்க!"

இவள் கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "எனக்காகத்தானே?" என்றாள். ஆமாம் என்று சொல்வதற்குள் உன் மாமா என்னைத் தொட்டிக்குள் தள்ளிவிட்டார். விதிப்படி அது செல்லாது என்று இவள் சண்டை பிடித்தாள். அன்று இரண்டு ஆட்டம் ஜெயித்தோம்.

இன்று கடையில் நடந்ததைச் சொல்கிறேன். அதற்காகத்தான் இந்தக் கடிதமே. ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். மகளுக்கு ஏழெட்டு வயது இருக்கும், முதல் கண்ணாடி. அம்மா அந்தப் பக்கம் நின்று தனக்கு ஃபிரேம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இந்தச் சின்னதின் மூக்கை அளந்துவிட்டு, தயாரானதும் வீட்டுக்கு அனுப்பலாமே என்று பேனாவை எடுத்து, "உன் வீடு எங்கம்மா இருக்கு?" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டது.

"பரிசு குடுக்குறவங்களே விலாசம் கேக்க மாட்டாங்க. நீங்க யாரு?"

உன் குரல், உன் இழுவை, அந்த "ஒருத்திதான்" என்கிற இடத்தில் வருமே ஒரு தெனாவட்டு, அதுகூட. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகளுக்கு அவ்வளவு சொன்னவள் நான், என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "அது யாரு தெரியுமா? என் சொந்தத் தங்கச்சி!" என்றேன்.

அது ஒரு அடி பின்னால் நகர்ந்து, கடை முழுவதும் கேட்கிற மாதிரி கத்தியது:

"அம்மா! இங்க ஒருத்தங்க சொந்தக்காரங்கன்னு சொல்றாங்க!"

அக்கா